இடப்புறச் சன்னலில் சிகரம்

எங்கள் முதலாளியிடம் சொந்தமாக ஒரு விமானம் இருந்தது. இன்று இதைச் சொன்னால் விருத்தாசலத்திலேயே என் வயதையொத்த சிலரைத் தவிர வேறெவரும் நம்புவதில்லை. மூக்கில் ஒரே ஒரு விசிறி. ஓட்டுபவரையும் சேர்த்து நான்கு பேர் அமரலாம். மின்கம்பங்களில் பொருத்தும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் செய்யும் தொழிற்சாலை அவருடையது. களிமண்ணையும் மேற்பூச்சையும் சோதித்து, சூளைக்கு அனுப்பலாம் என்று சொல்லும் கெமிஸ்ட் வேலை என்னுடையது. அறுபதுகளில் மின்சாரம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அண்டை மாநிலங்களிலெல்லாம் இன்சுலேட்டருக்குத் தேவை இருந்தது. டெண்டர் திறக்கும் இடத்தில் உரிமையாளனே நிற்க வேண்டும், கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்க வேண்டும் என்பது முதலாளியின் கொள்கை. அந்தப் பதிலுக்காக என்னையும் ஏற்றிக்கொள்வார்.

விமானம் நின்றது விருத்தாசலத்தில் அல்ல. மங்கலம்பேட்டையைத் தாண்டி, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, போர்க்காலத்தில் போட்டுப் பின்னர் கைவிட்ட நீண்ட கான்கிரீட் தளம் ஒன்று உண்டு. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு அது களம். நிலக்கடலையும் எள்ளும் அங்கேதான் காயும். நாங்கள் புறப்படும் நாட்களில் ஜீப் முன்னே சென்று ஹாரன் அடிக்க, பெண்கள் வைதுகொண்டே துடைப்பத்தால் விளைச்சலை ஓரம் ஒதுக்குவார்கள். ஒதுக்கிவிட்டு விலகிப் போகமாட்டார்கள். விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கியதும் அதன் பின்னே வந்து நின்று, அந்தக் காற்றிலேயே எள்ளைத் தூற்றிக்கொள்வார்கள்.

“நம்ம பெட்ரோல்ல அவங்க வேல நடக்குது பாரு” என்பார் முதலாளி. ஆனால் விசிறியை நிறுத்தச் சொன்னதில்லை.

புறப்பட்டதும் அவர் எப்போதும் விருத்தாசலத்தின் மேல் ஒரு சுற்று வரச் சொல்வார். சூளைப் புகைபோக்கிகளை மேலிருந்து பார்ப்பார். புகை கறுத்திருந்தால், திரும்பி வந்ததும் சூளைக்காரருக்கு வசவு காத்திருக்கும். அந்தச் சுற்றில்தான் பழமலைநாதர் கோயிலும் எங்களுக்குக் கீழே வரும். முதல் முறை கோபுரங்கள் காலடியில் வந்தபோது என் உடல் கூசியது. சட்டென்று இரு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடித்துக்கொண்டேன்.

விமானி, விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறித்தவர். திரும்பிப் பார்த்து, “என்ன சார், காலத் தூக்கிட்டு உக்காந்திருக்கிய? வயித்த வலிக்கா?” என்றார்.

“கோயிலுங்க” என்றேன்.

முதலாளி விட்டுவிடுவாரா? “காலத் தூக்கிட்டா ஆச்சாப்பா? உக்காந்திருக்கறத என்ன பண்ணுவ?”

மூவரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பதிகங்களைப் பாடி வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த உயரம் கடைசிவரை பழகவில்லை. நிமிர்ந்து கும்பிட வேண்டியவற்றைக் குனிந்து பார்க்கும் அந்தத் தொழிலில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

அந்த வீட்டுக்குத் தலைவரான என் தந்தையார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பாஸ் கிடைத்த நாள்முதல் அவருக்கு விடுமுறை என்றால் தல யாத்திரைதான். பாடல் பெற்ற தலங்களில் தண்டவாளத்துக்கு அருகே இருந்தவற்றை வண்டியிலும், மற்றவற்றை நடந்தும் சென்று, அந்தந்தத் தலத்துப் பதிகத்தை அந்தந்தச் சந்நிதியில் பாடிவிட்டு வருவார். வடக்கே கிருஷ்ணா நதிக் கரையில் காட்டு மலைமேல் இருக்கும் திருப்பருப்பதம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. ஸ்ரீசைலம் என்று இன்று எல்லோரும் சொல்லும் தலம் அது. பணியில் இருந்தவரை அம்மலைக்குச் சரியான வழியில்லை. வழி ஏற்பட்டபோது அவருக்கு இரைப்பு நோய் வந்துவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கிற்று. மலைப்பாதைப் பேருந்தை நினைக்கவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

அப்பா அதைப் பற்றிப் புலம்பியதில்லை. அம்மலையைப் பாடிய பெருமக்களுள் இருவர் அங்கே போகாமல் காளத்தியில் நின்றபடியே பாடினார்கள் என்பது மரபு. “அவங்களே தூரத்திலேருந்துதான்” என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வார்.

நான் முதல் முறை ஹைதராபாத்துக்குப் பறந்து திரும்பிய நாள், உணவின் நடுவே, போகும் வழியில் விமானி ஒரு மலையைக் காட்டி ஸ்ரீசைலம் என்றார் என யதார்த்தமாகச் சொன்னேன். அப்பாவின் கை இலையில் நின்றுவிட்டது.

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

“சிகரம் தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிதுப்பா. வெள்ளையா ஒரு சின்னக் கோயில்.”

“கும்பிட்டியா?”

“அதுக்குள்ள தாண்டிடுச்சு.”

“தாண்டிடுச்சா!” என்றார் அப்பா. அம்மாவைப் பார்த்து, “கேட்டியா? தாண்டிடுச்சாம். ரசத்த ஊத்து” என்றார்.

அம்மலையின் சிகரத்தைக் கண்ணால் கண்டாலே போதும், அதன்பின் பிறவியில்லை என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஏறவேண்டியதில்லை, தொடவேண்டியதில்லை. காணவேண்டும். அவ்வளவே. இரைப்பு நோயாளி ஒருவருக்கு அது எத்தகைய வாசல் என்பதை நான் உணர்வதற்கு முன்னமே அப்பா உணர்ந்துவிட்டார். என்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களில், விமானம் எவ்வளவு வேகத்தில் போகும், சன்னல் எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் சிகரம் கண்ணில் இருக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

கோயில் மண்டபத்தில் அவரோடு மாலை நேரத்தில் பாடும் நண்பர் ஒருவர் இருந்தார். அவர் மறுத்தார்: “மேலேருந்து பாக்கறது அபசாரங்க. சிகரம்னா நாம தல நிமுந்து பாக்கணும். காக்கா பாக்கற மாதிரி பாத்தா மோட்சமா? அப்ப காக்காய்க்கெல்லாம் மோட்சந்தான்.”

இந்த நியாயம் அப்பாவை உலுக்கிவிட்டது. இரண்டு நாள் விமானத்தைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. நான் விமானியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விமானப் பாதை வரைபடத்தை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“மேல போக மாட்டேன். சிகரத்துக்கு நேர் மட்டமாக் கொண்டு போறேன். பெரியவரு அண்ணாந்து பாக்க வேண்டாம், குனிஞ்சும் பாக்க வேண்டாம். நேருக்கு நேரு. ஆனா ஒண்ணு சார். ஆத்துப் பள்ளத்துல காத்து முட்டித் தள்ளும். ஒரே தடவதான் போவேன். திரும்பிச் சுத்துன்னு யாரும் கேக்கக் கூடாது.”

நேருக்கு நேர் என்ற சொல்லை நான் வீட்டில் வந்து சொன்னதும் அப்பாவின் கண்கள் நிறைந்தன. பிறகு, அடுத்த ஹைதராபாத் பயணத்தில் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளும்படி முதலாளியிடம் கேட்கும் தைரியம் எனக்கு வந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி: “உங்கப்பா என்ன எட இருப்பாரு?”

எடை முக்கியம். நான்காவது இருக்கையில் எப்போதும் மாதிரி இன்சுலேட்டர்கள் அடங்கிய மரப்பெட்டி வரும். பறக்கும் நாளுக்கு முன்தினம் பெட்டியையும் எங்களையும் தொழிற்சாலையில் களிமண் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் ஏற்றி நிறுப்பது விமானியின் வழக்கம். அப்பாவை அழைத்து வந்து மேடையில் நிறுத்தினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பொட்டிய விட ஐயா லேசு” என்றார் முதலாளி. “பொட்டிய ரயில்ல அனுப்பிடு. ஐயா, நீங்க வர்றீங்க. வரும்போது எனக்கும் சேத்துக் கும்பிடுங்க, டெண்டர் நம்மளுக்கே வரணும்னு.”

“அத நீங்களே கும்பிடுங்க” என்றார் அப்பா. “எனக்கு அங்க வேற வேல இருக்குது.”

புறப்பட்ட அன்று அப்பா விடியுமுன் நீராடி, திருநீறு அணிந்து, நீர்கூட அருந்தாமல் ஜீப்பில் ஏறினார். மங்கலம்பேட்டையில் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, எங்களுக்குப் பழக்கமான கடைக்கார பாய் எட்டிப் பார்த்து, “என்னங்க ஐயா, ஹஜ்ஜுக்குக் கௌம்பறவங்க மாதிரி இருக்குறீங்க?” என்றார். “அப்பிடித்தான் வெச்சுக்கங்க” என்றார் அப்பா. பாய் கடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்றார்.

ஓடுதளத்தில் விமானத்தின் அருகே வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி ஜீப்பிலேயே வைத்துவிட்டார். சிகரத்தைக் காணப் போகும் வாகனத்தில் செருப்புக் காலோடு எப்படி ஏறுவது? அதைக் கண்ட முதலாளி தம் பளபளக்கும் பூட்ஸை அவிழ்த்தார். நானும் கழற்றினேன். விமானி மட்டும் பெடலை மிதிக்க வேண்டுமென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். “நீங்க சாரதி, உங்களுக்குப் பரவால்ல” என்று அப்பா அனுமதி தந்தார்.

விமானிக்குப் பின்னால், இடப்புறச் சன்னலை ஒட்டி அப்பா. அவருக்கு வலப்பக்கம் நான். முதலாளி முன்னால். சென்னையில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு வடமேற்கே திரும்பினோம். காளத்திப் பக்கம் வந்தபோது அப்பா அங்கிருந்து பாடப்பட்ட அந்தப் பதிகத்தைத் தொடங்கினார். இயந்திர இரைச்சலில் குரல் எழவில்லை. உதடுகளின் அசைவைக் கொண்டே எந்த அடியில் இருக்கிறார் என்று அறிந்துகொண்டேன். மூச்சு முட்டும்போது நிறுத்துவார். மறுபடி அந்த அடியின் முதலிலிருந்தே தொடங்குவார். கண்ணைச் சன்னலிலிருந்து எடுக்கவேயில்லை. கார்டு வேலையில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. ஓடும் வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து, ஒவ்வொரு நிலையத்திலும் பச்சைக்கொடி காட்டி, ஒரு சைகையையும் தவறவிடாதவர். அந்தக் கண்கள் இதையும் விடமாட்டா என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

காடு தொடங்கிற்று. மடிப்பு மடிப்பாகக் கரும்பச்சை மலைகள். விமானி உயரத்தைக் குறைத்தார். விமானம் குலுங்கியது, முதலாளி முன்பலகையைப் பற்றிக்கொண்டார். அணை கட்டும் வேலை நடந்த பள்ளத்தாக்கு செம்மண் காயமாகத் தெரிந்தது. விமானி கையை உயர்த்தி இடப்பக்கம் காட்டி, தொண்டை கிழியக் கத்தினார்:

“பெரியவரே! வருது! இந்தா, இந்தா!”

சிகரம் வந்தது. சொன்ன சொல் தவறாமல், எங்கள் சன்னலுக்கு நேர் மட்டத்தில், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சிறிய கோயிலோடு வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். கருவறையில் திரை விலகித் தீபம் எழும் கணத்தில் நம்மவர்கள் என்ன செய்வார்களோ, வாழ்நாளெல்லாம் அவர் எத்தனையோ சந்நிதிகளில் என்ன செய்து பழகியிருந்தாரோ, அதையே செய்தார். இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“அப்பா!” என்று கத்தினேன். “கண்ணத் தொறங்கப்பா!” விமானியும் திரும்பித் திரும்பிக் கத்தினார். சந்நிதியில் அடியார்கள் எழுப்பும் ஆரவாரம் போல அது அவருக்குக் கேட்டிருக்கக்கூடும்; இன்னும் உருகிப் பாடினார். மூடிய இமைகளின் கீழ்க் கண்ணீர் வழிந்தது. தோளைப் பற்றி உலுக்கினேன். கண் திறந்தார். சன்னலுக்கு வெளியே காடும், கீழே ஆற்றின் ஒரு வளைவும் இருந்தன.

“வந்துடுச்சா?” என்று என் காதருகே கேட்டார்.

“போயிடுச்சுப்பா.”

கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தார். விமானத்தின் வாலும் அதற்கப்பால் வெயிலும்தான். முதலாளி நிலைமையை உணர்ந்து விமானியின் தோளைத் தட்டினார்.

“திருப்புய்யா!”

“முடியாது சார். சொன்னேன்ல. காத்து இப்பவே கீழ அமுக்குது.”

“நான் சொல்றேன், திருப்பு!”

“உங்க விமானம் சார், ஆனா நாலு உசுரு. மாட்டேன்.”

அப்பா முன்னால் குனிந்து முதலாளியின் கையைத் தொட்டார். “வேணாங்க. அவரு சரியாத்தான் கொண்டாந்து காட்டினாரு. கண்ணத் தொறந்து வெச்சுக்கத் தெரியாதவனுக்கு இன்னொரு தடவ எதுக்குங்க?”

திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சொன்னோம். மறுநாள் ஹைதராபாத்திலிருந்து கிளம்பியபோது வானம் மூடிக்கொண்டது. மேகத்துக்கு மேலே ஏறித்தான் பறக்க முடிந்தது. மேலிருந்து பார்க்கலாமா கூடாதா என்ற பேச்சையெல்லாம் அப்பா விட்டுவிட்டார். ஏறியதிலிருந்து, இமைத்தால் போய்விடும் என்பதுபோல, கண்களை அகல விரித்துக்கொண்டு வெண்மையையே பார்த்து வந்தார். இப்போது அவருக்கு வலப்புறச் சன்னலைத் தந்திருந்தேன். சிகரம் இருக்கவேண்டிய இடம் வந்ததும் விமானி கையை உயர்த்திச் சைகை காட்டினார். கீழே மேகம், மேகத்துக்கு மேல் மேகம். அப்பா கை குவிக்கவில்லை. பார்த்தபடியே இருந்தார். கண் சிவந்து நீர் கோத்த பிறகும் இமைக்கவில்லை. அந்த முகத்தைப் போல என்னை வருத்தியது பிறகு என் வாழ்வில் எதுவும் இல்லை.

டெண்டர் எங்களுக்கே வந்தது. முதலாளி அதை அப்பாவின் புண்ணியம் என்று ஊரெல்லாம் சொன்னார். அதனால் அப்பா சிகரம் கண்டுவிட்டு வந்தார் என்ற செய்தியும் கூடவே பரவிற்று. கோயிலில் வழிவிட்டு முன்னே நிறுத்தினார்கள். மறுப்புச் சொன்ன அந்த நண்பரே காலில் விழப் போனார். அப்பா பதறி விலகினார்.

“நான் பாக்கலீங்க. கண்ண மூடிட்டேன்.”

“கண்ணுக்குள்ளயே பாத்திருப்பீங்க” என்றார் நண்பர்.

“உள்ள ஒண்ணும் இல்லீங்க. இருட்டுதான் இருந்துச்சு.”

எவ்வளவு சொல்லியும் எவரும் ஏற்கவில்லை. அடக்கம் என்று கொண்டார்கள். இன்னும் கூடுதலாக வணங்கினார்கள். வாழ்நாளில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர், தாம் பெறாத ஒன்றுக்கு மரியாதை பெறுவதைத் தாங்கமாட்டாமல் திருவிழா நாட்களில் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். கூட்டமில்லாத பகலில் போவார். அங்கும் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: “உங்கப்பா இப்பல்லாம் தீவாரதனையப்ப கண்ண மூடறதே இல்லடா. முழிச்சிக்கிட்டு நிக்கறாரு. யாரையோ ஸ்டேஷன்ல தேடறாப்ல இருக்குது.”

அடுத்த முறை நிச்சயம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். மனதாரத்தான் கொடுத்தார். ஆனால் அப்பாவின் இரைப்பு முற்றியது. விமானத்தின் உயரம் அந்த மார்புக்கு ஆகாது என்றார்கள். எழுபதுகள் பிறந்தபின் எரிபொருள் விலை ஏற, தொழிலும் தளர, முதலாளி விமானத்தை விற்றுவிட்டார். கடைசியாக அது கிளம்பிப் போன நாள் நானும் ஓடுதளத்துக்குச் சென்றிருந்தேன். எள் தூற்ற வந்த பெண்களில் ஒருத்தி, “இனிமே வராதாங்க?” என்று கேட்டாள். வராது என்றேன். அந்தப் பக்கம் போய்விட்ட விமானத்தைவிட, வீட்டில் சாய்வு நாற்காலியில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே என் கவலையாக இருந்தது. சொன்னேன். “ம்” என்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்பார் என்று காத்திருந்தேன். நான் சிகரத்தைக் கண்டவன். இரண்டு முறை கண்டவன். அது எப்படி இருந்தது என்று அவர் கேட்டதேயில்லை. நானாகச் சொல்வது அவர் புண்ணில் கைவைப்பதாகும் என்று நானும் பேசாதிருந்தேன். ஒரு மாசி மாதப் பகலில், மாசிமகத்துக்குக் கொடியேறி, கோயிலிலிருந்து மேளச் சத்தம் தெருவரை வந்துகொண்டிருந்தபோது, தலையணையில் சாய்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

“அன்னிக்கி, நீ பாத்தியே. உச்சியில கலசம் இருந்துச்சா?”

மனத்தைக் குடைந்து தேடினேன். வெண்மை நினைவில் இருந்தது. வெயில் நினைவில் இருந்தது. கலசம் இருந்ததா, கொடி இருந்ததா, படி எந்தப் பக்கம் ஏறியது, எதுவும் வரவில்லை. முதல் முறை தாண்டிப் போனபின்தான் அது என்னவென்றே அறிந்தேன். மறுமுறை அது நேருக்கு நேர் வந்து நின்ற கணத்தில் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். அவரிடம் அப்படிச் சொல்ல என்னால் ஆகவில்லை.

“தெரியலப்பா. நான் உங்களப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். மூச்சு சற்று சீரானதும், பழைய குறும்பு உதட்டோரம் எட்டிப் பார்க்க, “என்னப் பாக்கறதுக்காடா அவ்வளோ ஒசரம் போன?” என்றார்.

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. வெந்நீர் கேட்டார். எடுத்துவர உள்ளே போனேன்.